ராணேயைப் பற்றி, பாப்பாவின் பேச்சுக்காக

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். இந்த வரியை இந்தத் தடவை தாண்டிப் போய்விடாதே, இதற்குப் பதில் எழுது.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினப் பேச்சுப் போட்டி. அதிகம் பேர் அறியாத ஒரு போர்வீரரைப் பற்றிப் பேச வேண்டுமாம். நீ எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தாய். வரவில்லை. வேலை இருக்கும், தெரியும். போனிலும் முகத்தை மட்டும் காட்டிவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். உன் அம்மா அதைப் பற்றி என்னிடம் ஏதோ சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சை நானே எழுத உட்கார்ந்தேன். நாலு நிமிடத்துக்கு வேண்டியதை அவளுக்குக் கொடுத்துவிட்டு முழுவதையும் உனக்கு அனுப்புகிறேன். கண்ணிவெடி எடுப்பதில் நான் சொல்வது பழைய காலத்து முறை, நீ இப்போது பட்டாளத்தில் அந்த வேலையில் இருப்பவன். தப்பு இருந்தால் ஓரத்தில் பேனாவால் திருத்தி அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம். உன் கையெழுத்தில் வரட்டும்.

பாப்பா முதலில் கேட்டது நம் ஆளைத்தான். நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ. கண்ணிவெடி எடுக்கிற இடத்தில், கூட இருந்த ஆட்களைக் காப்பாற்ற வெடியின் மேலேயே விழுந்தார். ஜார்ஜ் கிராஸ் என்கிற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற முதல் இந்தியர் என்பார்கள். மேடைக்கு அதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்காது. நான் வேண்டாம் என்றேன். ஏன் தாத்தா என்றாள். சொல்லவில்லை. உனக்கும் சொல்லத் தேவையில்லை.

அதனால் ராமா ராகோபா ராணே. பம்பாய் சாப்பர்ஸ்காரர், பரம்வீர் சக்ரா பெற்றவர். பெங்களூர்த் தம்பிகளான நாம் பம்பாய் சாப்பர்ஸின் கிர்க்கி ஆட்களை எப்போது புகழ்ந்திருக்கிறோம்! இருந்தாலும் அவரைத்தான் எழுதினேன்.

1918 ஜூன் 26-ல் பிறந்தவர். சொந்த ஊர் கார்வார் பக்கம் செண்டியா கிராமம். அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். அடிக்கடி மாற்றல், அதனால் பையன் படிப்பு ஊர் ஊராக அலைந்தது. 1930-ல் சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் பையன் மனசு போவதைப் பார்த்துப் பயந்து, அந்த மனிதர் குடும்பத்தையே செண்டியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷம் அடைகாத்து என்ன பிரயோஜனம், 1940 ஜூலை 10-ம் தேதி மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பயிற்சியில் சிறந்த ரிக்ரூட் என்று கமாண்டன்ட் கேன் என்கிற பரிசுப் பிரம்பு வாங்கினார். நம் வீட்டு அலமாரியிலும் ஒரு கேன் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரிடமும் உன் அம்மா அதை எடுத்துக் காட்டுகிறாள், நானும் தடுப்பதில்லை.

பர்மாவில் 26-வது டிவிஷனோடு, 28-வது ஃபீல்டு கம்பெனியில் இருந்தார். அராகானில் பின்வாங்கியபோது, விட்டுப் போகும் சாமான்களை அழிக்க புத்திடாங்கில் சில பேரை நிறுத்தினார்கள். வேலை முடிந்ததும் கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. கப்பல் வரவில்லை. ஜப்பான்காரன் காவல் சுற்றிக்கொண்டிருந்த ஆற்றைத் தாங்களே கடந்து டிவிஷனோடு சேர்ந்துகொண்டார்கள். ஹவில்தார், பிறகு ஜமேதார். 1947 டிசம்பர் 15-ல் செகண்ட் லெப்டினன்ட். கீழே இருந்து ஏறி வந்த ஆபீசர். அது பின்னால் சொல்லப்போகும் வேலையில் தெரியும்.

இடம் உனக்கே தெரியும், எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் பாப்பாவுக்காக: பாகிஸ்தானோடு நடந்த முதல் காஷ்மீர்ப் போர். 1947 டிசம்பர் கடைசியில் ஜங்கர் கைவிட்டுப் போனது. 1948 பிப்ரவரி 6-ல் பிரிகேடியர் உஸ்மான் நௌஷேராவைக் காப்பாற்றினார். மார்ச் 18-ல் ஜங்கர் திரும்ப வந்தது. அடுத்தது வடக்கே ராஜௌரி. போக ஒரே மலைப்பாதை, பழைய மொகலாயர் காலத்து வழி. காஷ்மீரிலிருந்து திரும்பும்போது 1627-ல் இறந்துபோன ஜஹாங்கீரின் குடலைப் புதைத்த இடம் என்று சொல்கிற சிங்கஸ் சராய் அதே பாதையில்தான் இருக்கிறது. (பாப்பா இதைப் பேச்சில் சேர்க்கவே வேண்டும் என்று அடம். வேண்டாம் என்று நீயும் ஒரு வரி எழுது.) ஏப்ரல் 8-ல் 4-வது டோக்ரா பட்டாலியன் பர்வாலி மேட்டைப் பிடிக்கப் புறப்பட்டது. கூட சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் என்கிற டாங்கிப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள். டாங்கிக்குப் பாதை திறக்க 37-வது அசால்ட் ஃபீல்டு கம்பெனியின் ஆட்கள், ராணே தலைமையில்.

பாதையை எதிரி எப்படி அடைத்து வைத்திருந்தான் என்பதைப் பாப்பாவுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டால் என்ன தாத்தா, தள்ளிவிட்டுப் போகலாமே என்கிறாள். மரம் தனியாக இருந்தால் தள்ளிவிடலாம்தான். மரத்தை வெட்டவோ கட்டி இழுக்கவோ ஆள் வந்து நிற்கிற இடம் எது என்று அவனுக்குத் தெரியும். அங்கே கண்ணிவெடி. கண்ணிவெடியைக் குனிந்து எடுப்பவன் மேல் எதிர்ச்சரிவிலிருந்து மெஷின்கன். மூன்றும் சேர்ந்தால்தான் அது தடை. ஒன்றை மட்டும் பார்த்து வேலையை ஆரம்பிக்கிறவன் மற்ற இரண்டில் மாட்டுவான்.

வெடி தேடுவதை இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பார். குப்புறப் படுத்து, கம்பியைத் தரைக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் மெதுவாக உள்ளே விடுவது. செங்குத்தாகக் குத்தினால் நுனி வெடியின் தலையில் அழுத்தும். சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டும். தட்டியதும் நிறுத்தி, பக்கத்து மண்ணை விரலால் விலக்கி, முகம் தெரிகிற வரைக்கும் மட்டும் திறப்பது. அடியில் இன்னொன்று கோத்து வைத்திருக்கலாம், அதனால் கையால் தூக்குவதில்லை. கயிறு மாட்டி, மறைவில் போய்ப் படுத்துக்கொண்டு இழுப்பது. இழுத்தவுடன் எழுந்து போவதும் இல்லை. மலைரோட்டில் இதெல்லாம் இரட்டிப்பு நேரம் எடுக்கும். சரளைக் கல் ஒவ்வொன்றும் வெடி மாதிரியே தட்டும், ஒவ்வொன்றையும் வெடி என்றே நம்பித் தோண்ட வேண்டும். மோர்ட்டார் விழுந்த இடத்தில் இரும்புச் சில்லு இறைந்து கிடக்கும், டிடெக்டர் ஓயாமல் கத்தும். பைன் மரத்து ஊசி இலை தரையை மூடிக்கொண்டால், கால் தட்டினால் வெடிக்கிற கம்பிக்கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

20-லிருந்து 30 நிமிடத்துக்கு ஒருதரம் ஆளை மாற்ற வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். கவனம் அதற்கு மேல் நிற்காது. கம்பி பிடிக்கிற கையில் உணர்ச்சி இருக்க வேண்டும். விரல் மரத்தவன், கட்டுப் போட்டவன் அந்த வேலைக்கு ஆகமாட்டான். அவன் தனக்கு மட்டும் ஆபத்து இல்லை, பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் ஆபத்து. இது பொதுவாகச் சொல்வது. உன்னைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 8 காலை 11 மணிக்கு நத்பூர் சவுத் பக்கம் டாங்கிகளுக்கு அருகில் வேலை தொடங்கக் காத்திருக்கிறார்கள். மோர்ட்டார் விழுகிறது. இரண்டு பேர் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம், அந்த ஐந்தில் ராணேயும் ஒருவர். செத்த இரண்டு பேரின் பெயர் அவருடைய விருதுக் குறிப்பில் இல்லை. எனக்கு அது உறுத்தல்தான். மிச்சம் இருந்தவர்களைத் திரும்ப அணி சேர்த்து உடனே வேலையைத் தொடங்கினார். பகல் முழுக்க டாங்கிகளோடு இருந்தார். மாலை நாலரைக்கு பர்வாலி மேடு கைக்கு வந்தது. எதிரி இன்னும் முழுசாக விலகவில்லை என்று தெரிந்தும் ஆட்களை முன்னால் கூட்டிப்போய், டாங்கி சுற்றிப் போக டைவர்ஷன் வெட்ட ஆரம்பித்து, இரவு 10 வரைக்கும் செய்தார். மறுநாள் காலை 6 முதல் மாலை 3 வரை அதே டைவர்ஷன். கூட்டிப் பார், ஒரே ஒரு டைவர்ஷனுக்குப் பதினாலரை மணி நேரம்.

பேச்சுப் போட்டியில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் எனக்கு இந்தப் பதினாலரை மணி நேரம்தான் பெரிசு. டாங்கி ஒன்று ஏறக்குறைய 14 டன். மலைச்சரிவில் மாற்றுப்பாதை என்றால் மலைப்பக்கம் வெட்டி, வெட்டின மண்ணைப் பள்ளப்பக்கம் கொட்டுவோம். அகலம் கிடைத்துவிட்ட மாதிரி கண்ணுக்குத் தெரியும். வெளிப்பக்கச் செயின் கொட்டின மண்ணில் ஏறினால் அவ்வளவுதான், கரை சரிந்து வண்டி ஆற்றுக்குப் போகும். இரண்டு செயினும் வெட்டின தரையிலேயே நிற்கிற அளவு மலையைக் குடைய வேண்டும். பாதை மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், வழுக்கினாலும் மலையில் போய் இடிக்கும், பள்ளத்துக்குப் போகாது. ஓடைக் குறுக்கே அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், தண்ணீர் போக வழி. அவசரத்தில் முதலில் விடுபடுவது அந்த வழிதான். விட்டால் முதல் டாங்கி போகும், மூன்றாவது புதையும். அத்தனையும், இருட்டிய பிறகும் விடாமல், மெஷின்கன் முன்னால், மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துக்கொண்டு, தானும் காயத்தோடு.

பிறகு வேகம் பிடித்தது. முன்னால் போகிற கேரியரில், அதாவது சின்னக் கவச வண்டியில், ஏறிக்கொண்டார். அரை மைலில் பைன் மரத் தடை. இறங்கி, வெடி வைத்துத் தூக்கினார். இன்னொரு 300 கெஜத்தில் அதே மாதிரி. 5 மணிக்கு உடைத்துப் போட்ட சிறுபாலம் ஒன்று, எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்கும் மாற்றுப்பாதை, சொற்ப நேரத்தில் முடிந்தது. முதலாவது ஒன்றரை நாள் இழுத்ததே என்று பாப்பா கேட்டாள். பள்ளத்தின் ஆழம், சரிவு, இடத்துக்கு இடம் மாறும் என்றேன். வெடிக்குத் தீ வைக்கிற ஃபியூஸ் திரியைப் பற்றியும் கேட்டாள். ஈரம் ஏறிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு அடித் துண்டைக் கொளுத்தி நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்றதை நம்ப வேண்டும், அடிக்கு அரை நிமிடம் என்பது பேருக்குத்தான், ஒவ்வொரு சுருளும் ஒரு மாதிரி. வெடிக்காமல் போன வெடிமருந்து (சார்ஜ்) பக்கம் அரை மணி நேரம் யாரும் போகக் கூடாது. கடைசியைப் பேச்சில் சேர்க்கவில்லை. ஆனால் நீ மறக்காதே.

மாலை 6.15. வெளிச்சம் மங்கிவிட்டது. ஐந்து பெரிய பைன் மரங்கள் குறுக்கே, சுற்றிலும் கண்ணிவெடி, மேலே மெஷின்கன். ராணே இறங்கி வெடிகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கே திறந்துவிடுவது என்று முடிவாக இருந்தார். டாங்கிப் படைக்குத் தலைவராக இருந்தவர் நிலைமையைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். வண்டிகளைப் பின்னால் ஒதுக்கி நிறுத்தினார்கள். ராணே நிறுத்தினார்.

இதை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் பாப்பாவை இங்கே நின்று மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணிச்சல்காரர் நிறுத்து என்றதும் நிறுத்தினார். மறுநாள் 10-ம் தேதி விடியற்காலை 4.45-க்குத் திரும்பத் தொடங்கியபோது டாங்கிகளின் சிறு அணி ஒன்று (ட்ரூப்) அவருக்குத் துணைக்கு இருந்தது. 6.30-க்குத் தடை போய்விட்டது. ஒன்றே முக்கால் மணி நேரம்! மாலையில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும், விடியலில் கூடும். அதே வெடி, அதே மரம். சொன்னால் நிறுத்த வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் தானே நிறுத்த வேண்டும். வெளிச்சம் மங்கினால் வேலையை வை. நீ போன தடவை வந்தபோதும் இதைச் சொன்னேன், தலையாட்டினாய்.

அதற்கப்புறம் ஆயிரம் கெஜத்துக்குத் தடை மேல் தடை, கரைகளை உடைத்துவிட்டிருந்தார்கள். 10.30-க்குள் வழி. டாங்கிகள் தாவி என்கிற ஆற்றின் படுகையில் இறங்கி 2 மணிக்கு சிங்கஸ் போய்விட்டன. இவர் ஆற்றில் இறங்கவில்லை. பின்னால் லாரிகள் வர வேண்டும், அரிசியும் தோட்டாவும் எரிபொருளும் லாரியில்தான் வரும், லாரி ஆற்றுப்படுகையில் ஓடாது. ரோட்டிலேயே நின்று சோறு தண்ணீர் இல்லாமல் இரவு 9 வரை திறந்துகொண்டிருந்தார். 11-ம் தேதி காலை 6-க்குத் தொடங்கி 11-க்கு சிங்கஸ் வரை ரோடு, பிறகு இரவு 10 வரை அதற்கு மேலே. 12-ம் தேதி நம் ஆட்கள் ராஜௌரிக்குள் நுழைந்தார்கள்.

கயிறு விஷயத்தைப் பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று தனியாக எழுதினேன். டாங்கிக்கு அடியில் ஊர்ந்துகொண்டே வெடிகளை எடுத்தார், இரண்டு கயிறு பிடித்திருந்தார், ஒன்றை இழுத்தால் நில், மற்றதை இழுத்தால் நகர். விருதுக் குறிப்பில் இது கிடையாது, ஆனால் ராணேயைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்வது. வேலை தெரிந்தவனுக்கு இது சாகசமாகத் தெரியாது, கணக்காகத் தெரியும். டாங்கியின் அடித்தட்டுதான் அங்கே குண்டு துளைக்காத ஒரே கூரை. தரைக்கும் அதற்கும் ஒன்றரை அடிகூட இல்லை. இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது, டிரைவருக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே தரை தெரியாது. கயிறு தவிர வேறு வழி இல்லை. அந்த டிரைவரின் பெயரும் நான் படித்த எதிலும் இல்லை. கயிறு மாறிப் புரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பாப்பாவிடம் சொல்லவில்லை.

காயம் பற்றி ஒன்று. ராணே காயத்தோடு நாலு நாள் நின்றார் என்பதுதான் எல்லாருக்கும் பிடித்த பகுதி. காயம் பட்டதை அவர் மறைத்தார் என்று எங்கும் இல்லை. முதல் நாள் 11 மணிக் கணக்கிலேயே ஐந்து பேரில் ஒருவர் என்று எழுதியாகிவிட்டது. கூட இருந்தவர்களுக்குத் தெரியும், மேலே இருந்தவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் நின்றார். அது வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு.

பென்ஷன்காரனாக ஒரு வார்த்தை, பேச்சுக்குச் சம்பந்தமில்லாதது. எந்தக் காயமானாலும், சின்னதானாலும், அன்றைக்கே எம்.ஐ. ரூமில், அதாவது யூனிட் மருத்துவ அறையில், பதிய வேண்டும். ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்கிற காய அறிக்கைப் படிவம் போட வேண்டும். டூட்டியில் பட்டதா இல்லையா என்று கமாண்டிங் ஆபீசர் அதில் எழுதுவதுதான் பின்னால் நிற்கும். ரிலீஸ் சமயத்தில் மெடிக்கல் போர்டு உட்காரும்போது பேப்பரில் இல்லாத காயம் காயமே இல்லை. லீவு போய்விடும், கோர்ஸ் போய்விடும், லிஸ்டில் பெயர் தள்ளிப்போகும் என்று மறைக்கிறவர்கள் உண்டு. வீட்டில் பயப்படுவார்கள் என்று மறைக்கிறவர்களும் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு முகம் மட்டும் பார்த்தே தெரிந்துவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மிச்சம் சுருக்கம். 1950-ல் பரம்வீர் சக்ரா. ஐந்து தடவை டெஸ்பாட்ச்சில், அதாவது போர்க்கள அறிக்கையில், பாராட்டிப் பெயர் வந்தவர். 1968-ல் மேஜராக ஓய்வு. 1994 ஜூலை 11-ல் புனேயில் காலமானார், 76 வயது. ஷிப்பிங் கார்ப்பரேஷன் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தது. கார்வார் கடற்கரையில் சிலை இருக்கிறது. 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர். இன்றுவரை பரம்வீர் சக்ரா 21 பேருக்கு, அதில் 14 பேருக்கு இறந்த பிறகு. மீதி 7. பாப்பாவை அந்த 7-க்கு அடிக்கோடு போடச் சொன்னேன். நாற்பத்தாறு வருஷம் அவர் அந்த நாலு நாளுக்கு அப்புறம் உயிரோடு இருந்தார். தாத்தா, இதுதான் உங்களுக்குப் பிடித்ததா என்றாள். ஆமாம் என்றேன்.

போர்வெல் மோட்டார் விஷயம், மாமா வீட்டுக் கல்யாணம் எல்லாம் அடுத்த கடிதத்தில். உன் அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள், ஈரம் படாமல் வை.

போட்டி 26-க்கு முன்னால். திருத்தம் அதற்குள் வந்து சேர வேண்டும். டைவர்ஷன் பகுதியை மட்டுமாவது பார்த்து இரண்டு வரி எழுது. எழுத முடியாவிட்டால் கூட இருக்கிற யாரையாவது எழுதச் சொல். அப்படி எழுதினால், ஏன் அவர் எழுதுகிறார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: 2006 படிவம் பற்றி எழுதியது பொதுவாகத்தான். போட்டிருந்தால் ஒரு நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பு. போடவில்லை என்றால் நாளைக்கே போடு.